தம்பி சுற்றிப் பார்க்க வந்த பொலோனியா

1

என் தம்பி ஒரு வாரம் சுற்றிப் பார்க்க வந்த ஊரில் நான் பதினாறு வருடமாக இருக்கிறேன். அந்த ஒரு வாரத்துக்கு அவன் போட்டிருந்த திட்டத்தில் பாதி இடங்களுக்குள் நான் காலெடுத்து வைத்ததில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வெட்கம் எனக்குப் புதிதில்லை, பிறந்ததிலிருந்து கூடவே வருவது. பொறாமைதான் புதிது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு எழுதும் குறிப்புகளை நானும் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். பனி பெய்வதைப் பற்றி எழுதுவார்கள். ரயில் நேரத்துக்கு வருவதைப் பற்றி எழுதுவார்கள். பிள்ளைகள் தமிழை விட்டுவிடுவதைப் பற்றி வருத்தமாக எழுதுவார்கள். கூடப்பிறந்த தம்பியைப் பார்த்து வயிறெரிந்ததை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. நான் ஐந்தாவதோடு நின்றவன். தெரிந்ததைத்தான் எழுத முடியும். இந்த வருடம் முழுக்க எனக்கு நன்றாகத் தெரிந்தது இது ஒன்றுதான்.

என் பெயர் சூசை. சொந்த ஊர் மண்ணூர். இத்தாலியில் பொலோனியா என்கிற ஊரில் ஒரு வயதான டாக்டரைப் பார்த்துக்கொள்கிறேன். அவரைக் குளிப்பாட்டுவது, அவருக்குச் சமைப்பது, சக்கர நாற்காலியில் வைத்து வெளியே தள்ளிக்கொண்டு போவது, இதுதான் வேலை. என் மனைவி ஸ்டெல்லா அலுவலகங்களைச் சுத்தம் செய்கிறாள். மகள் ஜெனி அங்கேதான் படிக்கிறாள். எங்கள் பங்குக் கோவிலில் இருந்த ஒரு கன்னியாஸ்திரி எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தபோது, தம்பி அந்தோணி ஒரு கம்பெனி வேனில் கிளீனராக இருந்தான்.

“நீ போண்ணா. நீ போனாத்தான் நம்ம வூடு எழுந்து நிக்கும்” என்று சொல்லி விமான நிலையம் வரைக்கும் வந்தான்.

வீடு எழுந்து நின்றது. அவன் கட்டியது.

இப்போது அவனுடைய பஸ்கள் ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்குகின்றன. சிங்கப்பெருமாள் கோவில் ரயிலடியில் விடியற்காலை போய் நின்றால், ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவே அவன் பெயர் எழுதிய பஸ் ஒன்றாவது நிற்கும். வீட்டின் மேல் இரண்டு மாடிகளில் லைனில் வேலை செய்யும் பெண்களுக்கு விடுதி. அதை நடத்துவது அவன் மனைவி கிரேசி. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்களும் ஒடிசாப் பெண்களும் ஒரே கொடியில் துணி காயப்போடுகிறார்கள். நான் விடுமுறைக்கு வந்தால் அந்த வீட்டில் எனக்கு ஏசி வைத்த அறை ஒன்றை ஒழித்துக் கொடுப்பார்கள். நன்றாகத்தான் வைத்துக்கொள்வார்கள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காது. அதுவும் ஒரு குறைதான்.

2

போன கிறிஸ்துமஸுக்கு நாங்கள் மூன்று பேரும் மண்ணூர் வந்திருந்தோம். பண்டிகை முடிந்த இரண்டாம் நாள், வாசலில் கட்டிய நட்சத்திரத்தைக் கழற்றுவதற்குள், அந்தோணியும் கிரேசியும் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுடைய பதினைந்தாவது கல்யாண நாளுக்கு ஒரு வாரம் இத்தாலி போகவேண்டுமாம். ரோமையும் வெனிஸையும் ‘எல்லாரும் போற எடம்’ என்று கிரேசி தள்ளிவிட்டாள். சாப்பாட்டுக்குப் பேர்போன ஊர் எது என்று தேடியிருக்கிறார்கள். பொலோனியா வந்திருக்கிறது. நான் அங்கே இருக்கிறேன் என்பதற்காக அல்ல. தேடியதில் வந்ததால்.

“ண்ணா, இந்தப் போலோக்னான்றது உன் ஊருதானே?” என்று அந்தோணி கேட்டான்.

“ஆமா.”

“சாப்பாட்டுக்கு அவ்ளோ பேராமே. நீ சொல்லவே இல்ல.”

பதினாறு வருடமாகத் தொலைபேசியில் குளிர் எப்படி, வேலை எப்படி, டாக்டர் எப்படி என்றுதான் கேட்டிருக்கிறான். சாப்பாட்டைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். நாங்கள் வீட்டில் சாம்பார்தான் வைக்கிறோம்.

அவர்கள் ஊரின் பெயரை நடுவில் ஒரு ‘க்’ சேர்த்துச் சொன்னார்கள். எனக்குத் திருத்த வாய் வரவில்லை. ஜெனி திருத்தினாள். கிரேசி சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு அவளைத் தங்களுக்கு நடுவில் உட்காரவைத்துக்கொண்டாள். எனக்கு எதிர்ப்பக்கம் இடம்.

அந்தோணிக்கு ஒரு வாரம் என்றால் ஏழு நாள் கிடையாது, இத்தனை ஷிப்ட். ஆள் ஏற்றும் இடம், இறக்கும் இடம், நேரம் என்று பஸ்ஸுக்குப் போடுவதுபோலவே கட்டம் போட்டான்.

“எட்டரைக்கு பிக்கப். பத்துக்கு சீஸ் கம்பெனி. பன்னெண்டரைக்கு லஞ்ச். ரெண்டு மணிக்கு டிராப்பு. அஞ்சு மணிக்கு திருப்பி பிக்கப்.”

“இது உங்க பஸ் இல்லைங்க, நம்ம கல்யாண நாள்” என்றாள் கிரேசி.

“பஸ்ஸு ஓடலன்னா கல்யாண நாளு எங்கேந்து வரும்?”

அவள் தாம்பரம் பக்கம் கல்லூரியில் படித்தவள். எதையும் தெரிந்துகொண்டு செய்வாள். முதல் நாள் வளைவு வளைவாக நீளும் மூடிய நடைபாதைகளும் இரண்டு கோபுரங்களும். அடுத்து, பழைய காலத்தில் வைத்தியப் பிள்ளைகளுக்குப் பிணம் அறுத்துக் காட்டிய மரக்கூடம். ஒரு நாள் மார்க்கெட் சந்துகள். ஒரு நாள் ஒரு வயதான அம்மா வீட்டில் மாவு தேய்க்கக் கற்றுக்கொள்வது. மலைமேல் இருக்கும் மாதா கோவிலுக்கு நடந்தே ஏறுவது. இப்படிப் போனது. ஒவ்வொன்றுக்கும் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். மரியாதைக்குத்தான் கேட்டாள். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது.

“மாமா, அந்த மரக்கூடம் பாத்திருக்கீங்களா? சுவரெல்லாம் செதுக்கி இருக்காமே.”

“வெளிய பாத்திருக்கேன்மா.”

“மார்க்கெட் சந்து?”

“அது வழியாத்தான் போவேன்.”

“அங்க எந்தக் கடையில சாப்பிடலாம்?”

“டாக்டருக்கு வாங்கினு வந்துடுவேன்.”

அந்தோணி மேஜையைத் தட்டிச் சிரித்தான். “இன்னாண்ணா நீ. பதினாறு வருசமா ஷெட்டுலயே நிக்கிற வண்டி மாதிரி கீற.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாதா கோவிலுக்கு நான் போயிருக்கிறேன், வருடத்துக்கு இரண்டு முறையாவது போவேன். அதைச் சொல்வதற்குள் பேச்சு கோபுரத்துக்குப் போய்விட்டது.

“கோபுரத்துல இப்ப ஏற முடியாது சித்தி. சாஞ்சிருக்குல்ல, சுத்தி வேலி போட்டுட்டாங்க” என்றாள் ஜெனி. “மரக்கூடம் நான் போயிருக்கேன். ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்க. அங்க தோல் உரிச்ச ரெண்டு மனுசன் மர பொம்மை இருக்கும். நான் பயந்துட்டேன்.”

அவள் பயந்தது எனக்குத் தெரியாது. அங்கே போனதே தெரியாது. எங்கள் வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் இத்தாலியனில் பதில் சொல்வாள். அது ஏதோ ஒரு வருடத்தில் பழகிப்போய்விட்டது. தமிழ் வராது என்றே நினைத்திருந்தேன். மண்ணூரில் சித்தி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் பேசிய தமிழை நான் எண்ணெய் காய்வதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு இருந்திருக்கிறது. எனக்குக் கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறாள்.

அன்று மதியம் அந்தோணி எங்களை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கொரியன் ஓட்டலுக்குக் கூட்டிப்போனான். அங்கே வேலை செய்யும் மணிப்பூர்ப் பெண் அவனைப் பார்த்ததும் சிரித்தாள். எதையும் பார்க்காமலே ஏழெட்டு வகை சொன்னான். இரண்டு குச்சிகளை விரலில் இடுக்கி, ஊறப்போட்ட முட்டைக்கோஸை எடுத்து ஸ்டெல்லாவின் தட்டில் வைத்தான்.

“எங்க கத்துக்கினீங்க தம்பி?” என்று ஸ்டெல்லா கேட்டாள்.

“கம்பெனி கொரியாக்காரங்களோட குந்தி குந்தி தானா வந்துச்சு அண்ணி.”

நான் ஸ்பூன் கேட்டேன். வெளிநாட்டில் இருப்பவன் நான். வெளிநாட்டுச் சாப்பாடு தெரிந்தவன் அவன்.

3

அவர்கள் ஆகஸ்ட் நடுவாரத்தைக் குறித்திருந்தார்கள். அந்தோணியின் பெரிய கம்பெனிக்கு அந்த வாரம் ஷட்டவுன். லைன் நிற்கும், பஸ்ஸும் நிற்கும். அவன் ஊரைவிட்டு நகர முடிகிற ஒரே வாரம்.

“ஆகஸ்ட்ல வேணாம்பா” என்றேன்.

எல்லோரும் நிமிர்ந்தார்கள். கேட்காமல் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

“ஏண்ணா?”

“ஊரையே பூட்டிடுவாங்க. எல்லாரும் கடலுக்குப் பூடுவாங்க. ஓட்டலு, கடை எல்லாம் ஷட்டர எறக்கி சீட்டு ஒட்டிடுவாங்க.”

இது உண்மை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் டாக்டரை அவர் பிள்ளைகள் கடற்கரை ஊருக்கு அழைத்துப் போவார்கள், நானும் கூடவே போய் மணலுக்கு இந்தப் பக்கம் பலகைப் பாதையில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டிருப்பேன், ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வந்து போவேன். போகிற அன்று எங்கள் தெருவில் ரொட்டிக் கடைகூட திறந்திருக்காது.

“சம்மர்லயா? டூரிஸ்ட் வர்ற நேரத்துல எவனாவது கடைய மூடுவானா?” என்றான் அந்தோணி. “நம்ம ஊரு டீக்கடைக்காரன்கூட மூடமாட்டான்.”

கிரேசி போனைத் தேய்த்தாள். “ஓப்பன்னு போட்டிருக்கே மாமா.”

அது டிசம்பர் மாதம். அன்றைக்குத் திறந்திருப்பதைத்தான் போன் காட்டியது. அதை எடுத்துச் சொல்ல எனக்கு வார்த்தை கூடிவரவில்லை. எல்லோரும் பார்க்கும்போது எனக்கு எப்போதும் அப்படித்தான்.

“ண்ணாவுக்கு நாம வர்றது பிடிக்கல போல கீது” என்றான் அந்தோணி. சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். இருபது வருடம் கூட வாழ்ந்தவளின் பார்வை. நான் சொன்னது உண்மை. ஆனால் அவர்கள் நல்லதுக்காகச் சொன்னேனா, வராமல் இருந்தால் தேவலை என்று சொன்னேனா என்று கேட்டால், இப்போதும் எனக்குப் பதில் தெரியாது.

கிரேசி பேச்சை மாற்றினாள். கடைசி நாள், கல்யாண நாள். அதற்கு ஒரு ஓட்டலைத் தேர்ந்து வைத்திருந்தாள். திரையில் சிவப்புத் துணிப் பந்தல் போட்ட வாசல் தெரிந்தது. எனக்கு அந்த வாசல் தெரியும்.

“அக்கா, அன்னிக்கு மதியம் நீங்க மூணு பேரும் எங்ககூட வரணும். இங்க டார்டெல்லினின்னு ஒண்ணு, சூப்புக்குள்ள குட்டி குட்டியா மிதக்குமாம். சாப்பிட்டிருப்பீங்கல்ல?”

“இல்லம்மா” என்றாள் ஸ்டெல்லா. “அங்க வெளிய குந்தி சாப்ட்டதே இல்ல.”

குறையாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மாடி இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். அந்தோணி என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பிப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“அப்ப மொத தடவ எங்க கூடத்தான் அண்ணி” என்றான். “நாங்க இட்டுனு போறோம்.”

“சரி தம்பி. ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் வந்துடறேன்.”

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். பூசை முடிந்தால் படுத்துத் தூங்குவதுதான் அவளுக்கு ஞாயிறு. அந்த ஞாயிறை எட்டு மாதம் முன்னாலேயே எடுத்து என் தம்பி கையில் கொடுத்துவிட்டாள்.

அன்று அவர்களுடைய திட்டத்தில் எனக்கு மிச்சமாகத் தெரிந்தது அது ஒன்றுதான். கோபுரமும் சீஸும் எப்படியோ போகட்டும். என் மனைவியை, அவள் வாழ்கிற ஊரில், முதல் முறையாக ஒரு மேஜை முன்னால் உட்காரவைக்கப்போவது நான் இல்லை, அவன்.

4

ஏன் நான் அதுவரை கூட்டிப்போகவில்லை என்று கேட்பீர்கள். காசு என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிவந்தேன். ஆரம்பத்தில் அது உண்மைதான்.

இத்தாலியில் காப்பிக் கடையில் நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் கூடுதல் விலை. அது அங்கே வழக்கம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. டாக்டர்களும் வக்கீல்களும்கூட நின்றுகொண்டே ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போகிறார்கள். நாங்களும் நின்றுகொண்டு குடித்தோம். அவர்கள் நேரமில்லாமல் நின்றார்கள், நாங்கள் நின்றே பழகினோம். பிறகு வசதி கொஞ்சம் வந்தபோது கூச்சம் நிற்கவைத்தது. உட்கார்ந்தால் யாராவது வந்து என்ன வேண்டும் என்று கேட்பார்கள். சாப்பாட்டு வகைகள் எழுதிய அட்டையைக் கொடுப்பார்கள். எனக்கு அவர்கள் பேச்சு நன்றாக வரும். எழுத்து அப்படி இல்லை. விரல் வைத்துப் படிக்கவேண்டும். மனைவி முன்னால், மகள் முன்னால், வெள்ளைச் சட்டை போட்டவன் பக்கத்தில் நின்று பார்க்க, விரல் வைத்துப் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் சிவப்புப் பந்தல் ஓட்டல் டாக்டர் வீட்டுத் தெருவிலேயே இருக்கிறது. நடக்க முடிந்த காலத்தில் அவர் அங்கேதான் சாப்பிடுவார். இப்போது நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனால், வாசலில் நிற்கும் வயதான பணியாள் அவரைப் பார்த்து வணக்கம் சொல்வார், உடம்பு விசாரிப்பார். நான் பிரேக்கைப் போட்டுவிட்டு நாற்காலிக்குப் பின்னால் நிற்பேன். அவர் என்னையும் பார்த்துத் தலையசைப்பார். கெட்ட மனிதர் இல்லை. நாற்காலி இருக்கும் இடத்தில் நான் இருப்பேன் என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

மேஜையில் அந்தப் பேச்சு நடந்த நாளிலிருந்து திரும்பிப் போகும் வரை இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் அந்தோணி காரை நிறுத்தி ஜெனிக்குத் தண்ணீரைக் காட்டினான். கிரேசி அவளை நிற்கவைத்துப் படம் எடுத்தாள். ஸ்டெல்லா இளநீர் குடித்தாள். நான் மட்டும் அங்கே இல்லை, சிவப்புப் பந்தலுக்குக் கீழே நின்று, உள்ளே எத்தனை மேஜை இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

5

ஜூன் மாதம் அந்தோணி கூப்பிட்டான்.

“ண்ணா, விசாவுக்கு அப்பாயின்ட்மென்ட்டே கெடைக்கல. ஆகஸ்ட்டு போச்சு. செப்டம்பர்தான்.”

“பஸ்ஸு?”

“பாத்துக்கறதுக்கு ஆள் வச்சிட்டேன். ஒரு வாரம் ஓடாதா இன்னா.”

இப்படியாக, பூட்டிக் கிடக்கும் ஊரை அவன் பார்க்காமலே போனான். நான் பொறாமையில்தான் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை மண்ணூரில் ஒரு பேச்சு இருக்கிறது. அதைத் துடைக்க எனக்கு வழியே இல்லாமல் போய்விட்டது.

தேதி தள்ளிப்போனதற்கு அவன் அலுத்துக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் அந்த நாட்டில் இருப்பதற்கான அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு, ஒப்புகைச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் நடப்பேன். போலீஸ் அலுவலகத்தில் பத்து விரலையும் கண்ணாடிமேல் அழுத்துவார்கள். சமையலிலும் சோப்பிலும் தேய்ந்துபோன என் ரேகை ஒரே தடவையில் விழாது. மறுபடி அழுத்து என்பார்கள். அவன் சுற்றிப் பார்க்கப் போகிறவன், வரவேற்பார்கள். வேலை செய்யப் போனவனைத்தான் ஒவ்வொரு தடவையும் யார் நீ என்று கேட்பார்கள்.

ஆனால் அவன் கூப்பிட்டது எனக்கு ஒன்றை ஞாபகப்படுத்தியது. அவன் வருவதற்கு முன்னால் ஒரு ஜூலை மாதம் இருந்தது.

மூன்று நாள் அந்த வாசலைக் கடந்து போனேன். நாலாம் நாள் டாக்டர் தூங்கும் நேரத்தில் தனியாகப் போனேன். அந்த வயதான பணியாள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் மேஜை வேண்டும் என்றேன்.

“ஓ, டாக்டர் வருகிறாரா?” என்று முகம் மலர்ந்தார். “நாற்காலிக்கு இடம் விட்டு, கதவுப் பக்கம் போடுகிறேன்.”

“நாற்காலி வராது” என்றேன். “நானும் என் மனைவியும்.”

அவர் துடைப்பதை நிறுத்தினார். பிறகு, “கதவுப் பக்கம் வேண்டாம், உள்ளே போடுகிறேன். என்ன பெயர்?” என்று கேட்டார். பதினாறு வருடத்தில் முதல் தடவை.

ஞாயிறு பூசை முடிந்து, பூசைக்குக் கட்டிய சேலையோடு ஸ்டெல்லாவைக் கூட்டிப் போனேன். எங்கே என்று சொல்லவில்லை. ஜெனி தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். பந்தலைப் பார்த்ததும் ஸ்டெல்லா நின்றுவிட்டாள்.

“இது கிரேசி காட்டின எடமில்ல?”

“வா.”

உட்கார்ந்தோம். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள். அட்டை வந்தது. நான் விரல் வைத்துப் படிக்காமல், அந்தக் குட்டிகள் மிதக்கும் சூப் இரண்டு என்று வாயால் சொல்லிவிட்டேன். சொன்னபடியே வந்தது. மோதிரம் மோதிரமாக மடித்த மாவு, உள்ளே கொத்துக்கறி. அவள் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். நான் என் தட்டைத் தொடவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நல்லா கீதுங்க” என்றாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஜெனி எத்தனை மணிக்கு வருவாள் என்று கேட்டாள். பக்கத்து மேஜைக்காரர்கள் சேலையைப் பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். கொஞ்சம் கழித்து என்னை நேராகப் பார்த்தாள்.

“ஏங்க, நாம இங்க வந்தத கிரேசிகிட்ட சொல்லாதீங்க.”

“ஏன்?”

“அந்தப் பொண்ணு எனக்குக் காட்டணும்னு எவ்ளோ ஆசையா கீது. தம்பியும்தான். மொத தடவன்னு நெனச்சிட்டே இருக்கட்டும்.”

செப்டம்பரில் அந்த வாசலில் நின்று, ‘இங்கியா, நாங்க வந்திருக்கமே’ என்று சாதாரணமாக ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஏழு மாதமாக நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த வார்த்தை அது. அதைச் சொல்லக் கூடாது என்கிறாள்.

“நான்தான மொதல்ல இட்டாந்தேன்” என்றேன். குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

“யாருக்காக இட்டாந்தீங்க?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. “எனக்காகவா, உங்க தம்பிக்காகவா?”

சூப் ஆறிப்போகும் வரை நான் மேஜைத் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தேன். அவள் என் தட்டை என் பக்கம் நகர்த்தி, “சாப்புடுங்க” என்றாள்.

6

செப்டம்பரில் வந்தார்கள். ஓட்டலில் தங்கினார்கள். எங்கள் வீடு இரண்டு அறைதான், எங்களுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாதாம். போட்ட கட்டத்தின்படியே எல்லாம் பார்த்தார்கள். ஜெனி பள்ளி முடிந்ததும் நேராகச் சித்தியிடம் ஓடுவாள். எனக்கு வியாழன் பிற்பகலும் ஞாயிறும்தான் விடுமுறை, வியாழக்கிழமை மார்க்கெட் சந்துக்கு நானும் கூடப் போனேன்.

டாக்டருக்கு நான் எப்போதும் பன்றிக்கறி சீவல் வாங்கும் கடை ஒன்று உண்டு. அந்தோணி உள்ளே நுழைந்து, ஒரு வார்த்தை இத்தாலியன் தெரியாமல், “ஹலோ பாஸ், திஸ் நைஸ், திஸ்?” என்று கையைக் காட்டினான். கடைக்காரர் சிரித்து, ஒரு சீவலை அவன் கையிலேயே வைத்தார். பிறகு ஒரு துண்டு சீஸ். பிறகு தோளில் தட்டினார். வெளியே வந்ததும், “அவர் பேரு மாரியோவாம்ண்ணா. பொண்ணுக்கு அடுத்த மாசம் கல்யாணமாம்” என்றான். அந்தக் கடையில் அத்தனை வருடம் வாங்கிய எனக்கு அவர் பெயர் தெரியாது. ‘இருநூறு கிராம், மெல்லிசாக’ என்பதைத் தாண்டி நாங்கள் பேசியதில்லை.

அன்று மாலை டாக்டருக்குச் சூப் ஊட்டும்போது அவர் சட்டையில் சிந்திவிட்டேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். தம்பி வந்திருக்கிறான் என்றேன். நல்லதுதானே என்றார்.

ஞாயிறு வந்தது. தேதி தாண்டியிருந்தாலும் அவர்களுக்கு அன்றுதான் கல்யாண நாள். கிரேசி பட்டுச்சேலை, அந்தோணி கோட். ஐந்து பேரும் சிவப்புப் பந்தலுக்குக் கீழே நுழைந்தோம். அந்த வயதான பணியாள் என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் விரித்தார்.

“சூசை, மறுபடி வந்துவிட்டீர்கள். இந்த முறை குடும்பத்தோடு. அம்மா, போன தடவை சூப்பு பிடித்திருந்ததா?”

இத்தாலியனில்தான் சொன்னார். ஜெனி சடக்கென்று என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாது. ஸ்டெல்லா முந்தானையைச் சரிசெய்துகொண்டே கீழே குனிந்திருந்தாள்.

“பேரெல்லாம் சொல்றாரு. இன்னாண்ணா சொல்றாரு?” என்று அந்தோணி கேட்டான்.

வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. நான் சொல்லவே வேண்டாம், அவர் சொன்னதை அப்படியே தமிழில் திருப்பினால் போதும். பொய்கூட இல்லை. ஸ்டெல்லா தலையை நிமிர்த்தவில்லை. என்னைத் தடுக்கவும் இல்லை. கெஞ்சவும் இல்லை. எது வந்தாலும் வாங்கிக்கொள்கிறவள்போல நின்றாள்.

“வாங்க, சந்தோசம்ன்றாரு” என்றேன். “டாக்டர இட்டுனு இந்தப் பக்கம் வருவேன்ல, அதான் என் பேரு தெரியும்.”

ஜெனி மேஜைக்கு நடந்து போகையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் அப்படிப் பிடித்ததில்லை.

சூப்பு வந்தது. கிரேசி போனைத் தூக்கிப் பிடித்தாள். “அக்கா, மொதல்ல நீங்க. பாத்துட்டுத்தான் நாங்க சாப்பிடுவோம்.”

ஸ்டெல்லா ஒரு கரண்டி எடுத்தாள். வாயில் வைத்தாள். கண் விரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னாம்மா இது, கொழுக்கட்டைய சூப்புல போட்டா மாதிரி கீது. உள்ள கறி.”

“எப்படி அண்ணி?” அந்தோணியின் முகத்தில் கிளீனராக இருந்த காலத்துச் சிரிப்பு.

“இத்தினி வருசமா இத துன்னாம இன்னா பண்ணிகினு இருந்தேன்னு தெரில தம்பி.”

மேஜையே சிரித்தது. அவளும் சிரித்தாள். கிரேசியைத் தோளில் இடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் வாங்கி, அந்தோணியின் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டு, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேஜையில் யார் இருந்தார்கள் என்று அவள் பார்க்கவே இல்லை.

சாப்பாடு முடிந்ததும் ஜெனி சித்தியோடு துணிக்கடைக்குப் போனாள், அந்தோணியும் போனான். நானும் ஸ்டெல்லாவும் வீட்டுக்கு நடந்தோம். வெயில் சாய்ந்திருந்தது.

“நல்லா நடிச்ச” என்றேன்.

அவள் செருப்பில் புகுந்த சிறு கல்லை உதறிவிட்டு, சுவரில் கை ஊன்றி மறுபடி மாட்டிக்கொண்டாள்.

“மொத வாய் மட்டுந்தாங்க நடிச்சேன்.”